தரையில் இறக்கிய பின் எழுந்தவள்

போன வருஷம் ஆடி மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போன, என் பிரியத்துக்குரிய அகத்துக்காரருக்கு அநேக நமஸ்காரம்.

‘இவ்விடம் யாவரும் க்ஷேமம்’ என்று தொடங்குவது நம் குடும்பத்துக் கடிதங்களின் முறை. ஆயுசு முழுவதும் வஞ்சியூர்க் கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவருக்கு முதல் வரியிலேயே பொய் எழுதுவது உசிதமில்லை. ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். அவ்விடத்து க்ஷேமத்தை விசாரிப்பதும் முறைதான். பதில் போடும் வழக்கம் உங்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் போன சில நாட்களுக்குள் யுத்தம் முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் பத்திரிகையைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, முடிவைப் பார்க்காமல் போனீர்கள். ரேஷன் மட்டும் முடியவில்லை. கல்லைப் பொறுக்கிய பிறகு அதில் கொஞ்சம் அரிசியும் இருக்கிறது. கரமனையில் நம் தெருமுனையில் பஸ் நிற்க வேண்டும் என்று மனுமேல் மனுவாக எழுதினீர்களே, இப்போது நிற்கிறது. உங்கள் மனுவால்தான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை.

இனி என் செய்தி.

நீங்கள் போன பிறகு நான் அழவில்லை. “படிச்சவாளுக்கு நெஞ்சு கல்லாக்கும்” என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் பேசினார்கள். தலையை மழித்துக்கொள்ள மாட்டேன் என்று நான் சொன்னபோதும், அப்பாவின் விருப்பமும் அதுவே என்று உங்கள் பிள்ளை சொன்னபோதும், தெருவுக்கு அந்த அபிப்பிராயம் உறுதிப்பட்டது.

அவர்கள் சொன்னதில் தவறு இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. காலையில் எழுந்தேன், குளித்தேன், உட்கார்ந்தேன். காபி வெந்நீரைப் போல் இருந்தது. பத்திரிகையை விரித்தால் மத்தியானம் வரை ஒரே பக்கம் விரிந்து கிடந்தது. துக்கம் என்றால் நெஞ்சில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு இருந்தது சாமான்களை எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சும் வாடகை அறை. பி.ஏ.வுக்கு நான் எடுத்த பாடம் மனத் தத்துவம் என்று ஊரெல்லாம் பெருமை பேசுவீர்கள். பரீட்சையில் பாஸானேன். இந்த அறையைப் பற்றி அதில் கேள்வி வரவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் முற்பகல், அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதுவும் நடக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. திடீரென்று நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. விரல் நுனிகள் மரத்தன. தொண்டை அடைத்தது. அடுக்களையில் இருந்த காற்று எனக்குப் போதவில்லை. இந்த நிமிஷம், இந்தப் புடலங்காயின்மேல் விழுந்து சாகப் போகிறேன் என்று சந்தேகமறத் தெரிந்தது. கொல்லைக்கு ஓடினேன். ஓடியதில் இன்னும் அதிகமாயிற்று. பிறகு, வந்த மாதிரியே, என்னைக் கேட்காமல் வடிந்துவிட்டது.

இதில் எனக்கு விளங்காத சங்கதி ஒன்று உண்டு. அன்று விடியற்காலை கண் விழித்தபோது, இன்றைக்குப் போனாலும் சரிதான் என்று நினைத்தவள் நான். பல மாதங்களாக அப்படி நினைத்துக்கொண்டேதான் எழுந்திருந்தேன். அதே ஸ்திரீ முற்பகலில் சாவுக்கு அஞ்சிக் கொல்லைக்கு ஓடுகிறாள். முன்னுக்குப்பின் முரணாகப் பேசும் இப்படி ஒரு சாட்சியை உங்கள் கோர்ட்டில் நீங்கள் விட்டுவைத்திருப்பீர்களா?

அதன்பின் அடிக்கடி வந்தது. ஸ்நான அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அது போகிற வரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல இருந்ததும் உங்கள் அக்கா ஒருத்திதான்.

உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை அச்சில் வாசிக்கிறவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். பதினாறு வயதில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். மடி, ஆசாரம், அடுக்களை ஆகிய மூன்றும் அவள் ராஜ்யம். அதோடு, எங்கள் தெருவில் யாருக்கு மூச்சு இழுத்தாலும் முதலில் ஆள் அனுப்புவது அவளுக்குத்தான். மூக்கு கோணியதா, காது மடல் சுருங்கியதா, உள்ளங்கால் குளிர்ந்ததா என்று பார்த்துவிட்டு, “நாழியாயிடுத்து, இறக்குங்கோ” என்பாள். உயிர் கட்டிலில் போகக் கூடாது, தரையில் தர்ப்பையின்மேல்தான் போக வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். எப்போது இறக்குவது என்பதில் அவள் கணக்கு தவறியதில்லை. உங்களுக்கும் அவள்தான் சொன்னாள்.

இந்த ஆனியில் ஒரு மத்தியானம், நான் கட்டிலில் சாய்ந்திருந்தபோது அது வந்தது. ஸ்நான அறைவரை போக முடியவில்லை. பேச வாய் திறந்தால் காற்றுதான் உள்ளே போயிற்று. உங்கள் அக்கா ஓடி வந்து பார்த்தாள். வியர்வை, வெளுத்த முகம், கோணி மடங்கிய விரல்கள், குளிர்ந்த பாதம். அவள் அறிந்த அடையாளங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன.

“சாஸ்திரிகளே! ஓடி வாங்கோ! கோமுவும் போறா!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

எதிர்வீட்டுச் சாஸ்திரிகள் வந்தார். இருவருமாகத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்து என்னைத் தரையில் இறக்கினார்கள். எனக்கு நினைவு ஒரு க்ஷணமும் தப்பவில்லை. தர்ப்பையின் நுனி பிடரியில் குத்தியது தெரிந்தது. சாஸ்திரிகள் வலது காதில் நாராயண நாமம் சொன்னார். அவர் வாயில் வெற்றிலை வாசனை. உங்கள் அக்கா காசிச் செம்பின் அரக்கு முத்திரையைக் கத்தியால் உடைத்து, கங்கா தீர்த்தத்தை என் வாயில் விட்டாள். பல வருஷம் செம்புக்குள் அடைபட்டிருந்த தண்ணீர். பாதி கழுத்தில் வழிந்தது.

நான் அதுவரை, ஒருவேளை இது சாவு இல்லையோ என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். கங்கை வாயில் விழுந்ததும் அந்தச் சந்தேகம் போய்விட்டது. இவ்வளவு அனுபவமுள்ளவர்கள் இறக்கிவிட்டார்கள். நான் யார் மறுக்க? பயம் உச்சிக்கு ஏறியது. ஏறி, அதற்குமேல் ஏற இடமில்லாமல், இறங்கத் தொடங்கியது.

“போரும் அக்கா,” என்றேன். “புடவையெல்லாம் நனையறது.”

சாஸ்திரிகள் தர்ப்பைக் கட்டைக் கீழே போட்டுவிட்டார். உங்கள் அக்கா, “பழவங்காடிப் பிள்ளையாரே, போன உசிர் திரும்பி வந்துடுத்து, உனக்குத் தேங்காய் உடைக்கறேன்!” என்று கையைக் கூப்பினாள்.

“எங்கேயும் போகலை. இங்கேயேதான் படுத்துண்டிருந்தேன்.”

“நீ மிண்டாதே, பேசாம படு! உனக்கென்ன தெரியும்!”

மூன்று நாள் தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யமலோகத்துக்குப் போய் வந்தவளைப் பார்க்கும் ஆவல் அவர்களுக்கு. ஒருத்தி குரலைத் தாழ்த்தி, “மாமி, அங்கே மாமாவைப் பார்த்தேளா?” என்று கேட்டாள். “இல்லை, கோர்ட்டுக்குப் போயிருந்தாராம்” என்றேன்.

அதற்குள் டில்லிக்குத் தந்தி போயிருந்தது. அம்மா அபாயம், உடனே புறப்படு. உங்கள் பிள்ளை ரயில்மேல் ரயிலாக மாறித் தம்பானூரில் இறங்கி, ஜட்கா பிடித்து வந்தான். தகப்பனாருக்கும் வர முடியாமல் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தவன், தாயாருக்கும் அப்படியே என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறான். நான் கூடத்தில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“குளிச்சுட்டு வா, மணி. ரயில் கரி அப்பியிருக்கு மூஞ்சியெல்லாம்.”

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அத்தையிடம் கோபித்துக்கொண்டான், சாஸ்திரிகளிடம் கோபித்துக்கொண்டான், கடைசியில் என்னிடமும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை அழுகிறான், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதைப் பார்த்துத்தான் அவன் மிகவும் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் டாக்டரை அழைத்து வந்தான். வஞ்சியூர்க்காரர், மலையாளி, நம் வீட்டுத் தமிழும் பேசுவார். வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “அம்மாவுடைய ஹார்ட் எனக்குக் கிடைச்சா கொள்ளாம், நன்னாயிருக்கும்,” என்றார். “ஹார்ட்டுக்கு ஒரு கேடும் இல்லை. பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம். இது நெர்வ்ஸ். கூட மெலங்கோலியாவும் உண்டு. மனசு அடங்கிக் கிடக்கும், அதுக்குள்ளே திடீர்னு இப்படி ஒரு கலாட்டா.”

“ஒட்டுவாரொட்டியா?” என்று உங்கள் அக்கா கதவோரத்திலிருந்து கேட்டாள்.

“இல்லை, அம்மா.”

“சாவு?”

“அதுவும் இல்லை. அந்தச் சமயத்திலே எங்கேயும் ஓடாம, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சை மெதுவா வெளியே விடணும். அது தானே போகும். தரையில இறக்க வேண்டாம், கேட்டேளா?”

உங்கள் அக்காவின் முகம் சிவந்துவிட்டது. “அதுக்கு இந்த மெலங்கு எல்லாம் எதுக்கு? வெப்ராளம்னு சொன்னாப் போதாதோ?” என்றாள். பதற்றத்துக்கு மலையாளத்தில் சொல்லும் அந்த வார்த்தையே எங்கள் வீட்டில் அதற்குப் பெயராக நின்றுவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த ப்ரோமைட் மருந்தைக் கொஞ்ச நாள் குடித்தேன். ஏற்கெனவே மரத்திருந்தது இன்னும் மரத்தது. அவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

பிள்ளை அன்று மாலையே தன் முடிவைச் சொன்னான். உங்கள் முதல் திதி, வருஷாப்திகம், ஒரு மாதத்தில் வருகிறது. அதுவரை லீவு போட்டிருக்கிறான். அது முடிந்ததும் என்னை டில்லிக்கு அழைத்துப் போவான். வீட்டைப் பூட்டிவிடுவோம். அத்தை அம்பாசமுத்திரத்தில் தன் மைத்துனர் வீட்டுக்குப் போகலாம். தந்திக்குத் தந்தி ஓடி வர அவனால் முடியாது, மருமகளும் முழுகாமல் இருக்கிறாள்.

அவன் சொன்னதில் நியாயக் குறைவு எதுவும் இல்லை. எனக்கு இந்த வீட்டின்மேல் அப்படி ஒரு மோகமும் கிடையாது. மழைக்காலத்தில் ஒழுகுகிற வீடு. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒன்றுதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “வேண்டாம்” என்று வந்தது.

நானே திடுக்கிட்டேன். ஒரு வருஷமாக எதுவும் வேண்டும் என்று தோன்றாதவளுக்கு ஒரு ‘வேண்டாம்’ எங்கிருந்து முளைத்தது? கதவோரத்தில் உங்கள் அக்கா நின்றிருந்தாள். அம்பாசமுத்திரத்தில் அவளுக்குக் கிடைக்கப்போவது இன்னொருத்தியின் அடுக்களையில் ஒரு மூலை. அவள் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் நான் பார்த்தது அன்றுதான்.

“அம்மா, உன்னை இங்கே விட்டுட்டுப் போய் நான் அங்கே எப்படித் தூங்கறது?” என்றான் பிள்ளை. வெகுநேரம் பேசிக் கடைசியில் ஒரு விட்டுக்கொடுப்புக்கு வந்தான். “அப்பா வருஷாப்திகம் வரைக்கும் ஒரு தடவைகூட வரப்படாது. வராம இருந்தாப் பார்க்கலாம்.”

வருவதும் வராததும் என் கையில் இருப்பது போல! இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். டாக்டர் சொன்னபடி மூச்சைக் கவனிக்கப் பழகினேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காரவைத்த பெண்ணைப் போல, கவனித்தவுடன் மூச்சு தடுமாறியது. தனியாக இருந்து செய்தபோதெல்லாம் மோசமாயிற்று.

அடுத்த தடவை வந்தபோது பிள்ளை உங்கள் கோர்ட்டுக் காகிதங்கள் விஷயமாக வஞ்சியூர் போயிருந்தான். நான் கிணற்றடியில் இருந்தேன். உங்கள் அக்கா கையில் பாத்திரத்தோடு வந்தவள் பார்த்துவிட்டாள். எனக்குத் தெரியும், அவள் கை என்னை இறக்கத் துடித்தது. டாக்டர் சொன்னது நினைவு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“உப்பு மாங்காய்ப் பரணியை ஈரக்கையால தொட்டது நீதானே? பாதி பரணி பூத்துப் போச்சு!”

எனக்கு ரோஷம் வந்தது. “நான்... தொடலை.”

“பின்னே பரணி தானா நனைஞ்சுதாக்கும்?”

“நீங்கதான் அமாவாசையன்னிக்குக் குளிச்சுட்டு, ஈரப் புடவையோட, நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, உள்ளே கைவிட்டு எடுத்து, மூடாமயும் வெச்சுட்டுப் போனேள்!”

அந்த நீளமான வாக்கியம் முடிவதற்குள் என் மூச்சு முழுவதும் வெளியே போயிருந்தது. நெஞ்சு அடிப்பது தணிந்திருந்தது. கையில் விரல்கள் மறுபடி என்னுடையவையாக இருந்தன. உங்கள் அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கடுத்த தடவை அவள் ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. வந்ததும் வராததுமாக என் பிறந்தகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். எங்களுக்குள் இதற்கு ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை. பிள்ளையிடமும் இருவரும் சொல்லவில்லை. அவன் வெளியே போயிருந்த நேரங்களிலேயே அது வந்தது என் அதிர்ஷ்டம்.

இதற்கிடையில் ஒரு நாள் பூஜை அறையைத் துடைக்கும்போது மேல்பலகையில் என் காசிச் செம்பைப் பார்த்தேன். நாம் மூவரும் காசிக்குப் போனபோது ஆளுக்கு ஒன்று வாங்கி வந்தோமே, அது. உங்களுடையது உங்களுக்கு ஆயிற்று. என்னுடையதில் முத்திரை அப்படியே இருந்தது. அப்படியானால் அன்று என் வாயில் விட்டது எது?

“அக்கா, நீங்க உடைச்சது யாரோட செம்பு?”

“எதுவோ ஒண்ணு. அந்த அவசரத்தில கைக்குக் கிடைச்சதை எடுத்தேன்.”

என்னுடையது பலகையில் கண்ணெதிரே இருந்தது. அவளுடையது டிரங்குப் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே இருந்தது. இதை நான் எடுத்துச் சொன்னேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “உன் செம்பை உடைச்சா நீ போனது போனதுதான். எனக்கு மனசு வரலை. போ, வேலையைப் பாரு.”

அடையாளம் எல்லாம் பார்த்து, சாவுதான் என்று நிச்சயித்து, தரையிலும் இறக்கிவிட்டு, என் முத்திரையை மட்டும் உடைக்க மனம் வரவில்லை இவளுக்கு. தனக்கென்று வைத்திருந்ததை என் கழுத்தில் கொட்டிவிட்டாள். எனக்குக் கண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அன்று மத்தியானம் காபி கசந்தது, அவ்வளவுதான். பல மாதங்களுக்குப் பிறகு அதற்கு ஒரு ருசி. மறுநாள் பழையபடி வெந்நீர். என் செம்பை எடுத்துப் போய் அவள் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அவள் பார்த்திருப்பாள்.

உங்கள் வருஷாப்திகம் வந்தது. பச்சரிசிக்கு ஆரியசாலையில் ஒரு செட்டியாரைக் கெஞ்சி வாங்கினோம். உங்கள் அக்கா மடியாகச் சமைத்தாள். தலையில் முடி இருப்பதால் எனக்கு அன்று அடுக்களையில் அனுமதி இல்லை. என்மேல் பட்டால் அவள் மறுபடி குளிக்க வேண்டும். உங்களுக்குச் செய்கிற காரியத்தை நான் ரெண்டாம் கட்டின் நிலைப்படிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இது உங்களுக்குச் சம்மதமா என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை.

பிராமணர்கள் இலையில் உட்கார்ந்தாயிற்று. பரிமாறியாயிற்று. வீடு நிசப்தமாக இருந்தது. அப்போது வந்தது.

சுவரில் முதுகை அழுத்திக்கொண்டேன். எப்படியாவது தெரியாமல் கழித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். கூடத்திலிருந்து பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டான். “அம்மா!” என்று பாதி எழுந்தான், விரலில் தர்ப்பைப் பவித்திரத்தோடு. “யாராவது டாக்டரைக் கூப்பிடுங்கோ! அத்தை, அம்மாவைப் பாருங்கோ!”

சாஸ்திரிகளும் எழுந்தார். ‘கட்டிலும் இல்லை, தரையில்தானே இருக்கிறாள்’ என்று அவர் கண் கணக்குப் போட்டதை அந்த நிலையிலும் பார்த்தேன்.

உங்கள் அக்கா கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். “உக்காருடா, மணி. பவித்திரத்தோட எழுந்திருக்கப்படாது. சாவு எப்படி வரும்னு எனக்குத் தெரியும். இது அது இல்லை.”

“போன மாசம் தந்தி அடிச்சதே நீங்கதானே அத்தை!”

“போன மாசம் தெரியாது. இப்போ தெரியும். உக்காரு.”

பிறகு எனக்கு எட்டாத தூரத்தில், மடி கலையாமல், எதிரே உட்கார்ந்தாள்.

“என்ன கோமு? பிரண்டைத் துவையல் வேண்டாம்னு கார்த்தால முணுமுணுத்தியே, என் காதில விழலைன்னு நினைச்சியோ? என் தம்பிக்குப் பிரண்டைன்னா பிராணன்.”

“பிடி... க்காது.”

“என்ன? கேக்கலை.”

“பிடிக்காது. நாக்கு அரிக்கும்.”

“பின்னே நாப்பது வருஷமா வெறுதே தின்னானாக்கும்?”

“உங்க மனசு நோகப்படாதுன்னு மிண்டாம முழுங்கினார். தின்ன கையோட கொல்லைப்பக்கம் போய் மோரை வாயில ஊத்திக் கொப்பளிப்பார். நாந்தான் மோர் கொண்டுபோய்க் கொடுப்பேன்!”

“அம்மா, மாமி,” என்று சாஸ்திரிகள் கையை உயர்த்தினார். “சிராத்தத்தில இப்படிச் சத்தம் கூடாது.”

“சத்தம் போடலைன்னா இன்னொரு சிராத்தம் பண்ணிவைக்க வேண்டிவரும் ஓய். நீர் பேசாம மந்திரத்தைப் பாரும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு வந்தது. போயிற்று, மறுபடி வந்தது. அதற்குள் உங்கள் அக்காவின் பார்வை கூடத்துப் பக்கம் போனதைப் பார்த்தேன். உங்கள் ஸ்தானத்தில் உட்காரவைத்திருந்த பிராமணர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுத் துவையலை மட்டும் இலையோரத்தில் ஒதுக்கிவைத்திருந்தார். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

அவளிடம் ஏன் கடைசிவரை சொல்லவில்லை நீங்கள்?

எல்லாரும் போன பிறகு பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பந்தயத்தில் நான் தோற்றேன் என்பது இருவருக்கும் தெரியும்.

“ரொம்ப வலிச்சுதா அம்மா?”

“வலி இல்லை. சாகற மாதிரி இருக்கும். சாகலை.”

“எனக்கு நெஜம்மாவே நீ போயிட்டேன்னு தோணித்து. டில்லியில இப்படி வந்தா நானும் அவளும் என்ன பண்ணுவோம்?”

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடுவேள்.”

“ஆமாம்,” என்றான். “எனக்கு அத்தை மாதிரி சண்டை போடத் தெரியாது.”

சாயந்திரம் தம்பானூர் போய் வந்தான். ஒரு டிக்கெட் வாங்கியிருந்தான். அத்தையைக் கூப்பிட்டு, டாக்டர் வந்து பார்த்துச் சொன்னால் ஒழியத் தந்தி கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். “எனக்கு வேற வேலையில்லை பாரு, வெறுதே தந்தி அடிக்க!” என்றாள் உங்கள் அக்கா. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. காலையில் பார்த்தேன், மிச்சமிருந்த துவையலை வாழை மரத்தடியில் கொட்டியிருந்தாள்.

இதனால் நான் குணமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலி அறை அப்படியே இருக்கிறது. போன வாரமும் வெப்ராளம் வந்தது. டாக்டர் மாதம் ஒருமுறை வருகிறார். இது போக நாளாகும், சில சமயம் திரும்பியும் வரும் என்கிறார். நானும் அவரிடம் எதையும் மறைப்பதில்லை, விடியற்காலை நினைப்பு உள்பட. அதைச் சொன்ன அன்று அவர் வெகுநேரம் இருந்து பேசிவிட்டுப் போனார். உங்கள் அக்கா அதன்பின் தன் பாயை என் அறையில் போட்டுக்கொண்டாள். குறட்டை தாங்கவில்லை.

இதை அச்சில் போடுவதற்குக் காரணம் ஒன்றுதான். இந்த ஊர் அக்கிரகாரங்களில் என்னைப் போல் எத்தனை பேரை மூச்சிருக்கும்போதே இறக்கியிருப்பார்கள்? எத்தனை பேருக்குப் பேயோட்டியிருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் பயத்தை உண்மை என்று நம்பி எழுந்திராமல் இருந்துவிட்டார்கள்? அப்படி யார் வீட்டிலாவது நடந்தால், உயிர் போகிறதா என்று பார்க்க டாக்டருக்கு ஆள் அனுப்பட்டும். அவர் வருகிறவரை அவளைத் தூக்காமல், எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கட்டும். அன்பாகப் பேச வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய வாக்கு சிறியது. நாளைக்கும் எழுந்திருப்பேன். அது வந்தால் ஓட மாட்டேன், உட்கார்ந்த இடத்திலேயே உங்கள் அக்காவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். உங்களிடம் வருகிற அன்று இத்தனை ஆர்ப்பாட்டம் இருக்காது, சத்தமில்லாமல் வருவேன். அதுவரை வாசலில் யாரோ மூச்சிரைக்க ஓடி வருவது போல் கேட்டால், எழுந்து வந்து கதவைத் திறக்காதீர்கள். அது நானில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆத்துக்காரி,
கோமதி